கந்தப்பளை ஏத்தத்துல இழுக்காத மெஸி 135: பம்ப்ப கூட்டலாமா, டர்போ போடலாமா?

கேள்வி: "அண்ணே, கந்தப்பளையில மரக்கறி தோட்டம் செய்றேன். மாமா கிட்ட இருந்து வந்த மெஸி பெர்கியூசன் 135 ஒண்ணு இருக்கு, மூணு சிலிண்டர் பேர்கின்ஸ் எஞ்சின். தோட்டத்துல இருந்து மெயின் ரோட்டுக்கு ஏர்ற எடத்துல, பின்னால பூட்டி இழுக்கிற பெட்டி நெறைய கரட் இல்லன்னா கோவா ஏத்தினா இழுக்குதே இல்ல, கறுப்பு புகை மட்டும் தள்ளுது. ஒரு மெக்கானிக் பாஸ் சொல்றார் எஞ்சினுக்கு டீசல் அளந்து குடுக்கிற பம்ப்ப கொஞ்சம் கூட்டி விட்டா 10 எச்.பி. வரும்னு. இன்னொருத்தர் வேன்ல கழட்டின டர்போ ஒண்ணு இருக்கு, பூட்டித் தாறேன்னு நிக்கிறார். மாமா வெல்லவாயில வச்சிருந்தப்ப இதே டிரெக்டர் நல்லா இழுத்துச்சாம். நான் என்ன செய்ய?"

தம்பி, உங்களுக்கு வேண்டிய பதில்ல பாதி உங்க கடிதத்துலயே இருக்கு. வெல்லவாயில இழுத்தது கந்தப்பளையில இழுக்கல. வெல்லவாய கீழ இருக்கிற ஊர், நீங்க இருக்கிறது கடல் மட்டத்துல இருந்து 1,900 மீட்டருக்கு கிட்ட. அந்த டிரெக்டர் மலையேறி வந்த அன்னைக்கே அதோட குதிரை வலுவுல ஒரு பங்கு கீழயே நின்னுடுச்சு, யாரும் திருடல, எஞ்சினும் கெட்டுப்போகல, காத்து தான் குறைஞ்சு போச்சு.

இத நல்லா வெளங்கிக்கிட்டீங்கன்னா பம்ப்புல யாரையும் கை வைக்க விட மாட்டீங்க, அதனால கொஞ்சம் பொறுமையா வாசிங்க.

உங்க எஞ்சின் 2,500 சிசி. காத்த அமுக்கி உள்ள தள்ளுற டர்போ ஒண்ணும் இல்ல, பிஸ்டன் கீழ எறங்கும்போது தானா உறிஞ்சிற காத்து தான் அதுக்கு சாப்பாடு. புத்தகத்துல போட்ட 2,250 ஆர்.பி.எம்-ல ஓடுறப்ப நிமிஷத்துக்கு 2,800 லீட்டர் கணக்குல காத்த இழுக்கும், அது வெல்லவாயிலயும் அதே 2,800 தான் கந்தப்பளையிலயும் அதே 2,800 தான், ஆனா மேல உள்ள காத்து லேசு. நம்ம உயரத்துல காத்தோட அழுத்தம் கீழ இருக்கிறதுல 80 சதவீதம் தான் வரும், குளிரு கொஞ்சம் கை குடுத்தாலும் ஆறுல ஒரு பங்கு ஒக்சிஜன் இல்லாம தான் உங்க எஞ்சின் மூச்சு விடுது. டர்போ இல்லாத டீசல் எஞ்சினுக்கு ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் 3 சதவீதம் வலு போகும்னு நாங்க கணக்கு வைப்போம். மெஸி 135 எஞ்சின் புதுசுல 45 எச்.பி. சொச்சம், அத கந்தப்பளைக்கு கொண்டு வந்தா புத்தம்புது எஞ்சினா இருந்தாலும் 37 தான் குடுக்கும். உங்களோடது பழசு, அதுலயும் குறைவா தான் இருக்கும்.

இப்ப பம்ப்ப பாப்போம். பம்ப்புக்கு மலை தெரியாது, வெல்லவாயில ஒவ்வொரு தடவ அடிக்கும்போதும் எவ்வளவு டீசல் குடுத்துச்சோ அதே அளவ இங்கயும் குடுக்குது. காத்து குறைஞ்சிருக்கு டீசல் குறையல, எரிய வழியில்லாத டீசல் தான் கறுப்பு புகையா வெளிய வருது. அதாவது உங்க எஞ்சினுக்கு ஏற்கனவே தேவைக்கு மேல டீசல் போயிட்டு இருக்கு தம்பி! அதுல இன்னும் கூட்டி விடச் சொல்றாங்க. அடுப்புல ஊத வழி இல்லாம வெறகு மேல வெறக அடுக்கினா நெருப்பா கூடும், வீடு பூரா புகை தான் மண்டும்.

பேர்கின்ஸ் கொம்பனியோட பழைய மெனுவல்லயே இதுக்கு ஒரு டேபிள் இருக்கு. 600 மீட்டர் வரைக்கும் ஒண்ணும் மாத்த வேணாம், அதுக்கு மேல 1,200 வரைக்கும் டீசல 6 சதவீதம் குறைக்கணும், 1,800 வரைக்கும் 12, அதுக்கும் மேல போனா 18. குறைக்கணும்னு தான் செஞ்ச ஆளே சொல்லியிருக்கான். மலைநாட்டுல எத்தனையோ டிரெக்டருக்கு இது செய்யவே இல்ல, கீழ வாங்கி மேல கொண்டு வந்து அப்படியே ஓட்றாங்க.

பம்ப்ப கூட்றதுன்னா என்னன்னும் சொல்லிடுறேன், ஏன்னா நெறைய பேர் வெளிய தெரியுற ஸ்க்ரூவ திருப்பிட்டு கூட்டிட்டேன்னு காசு வாங்கிட்டு போறாங்க. உங்க டிரெக்டர்ல இருக்கிறது சி.ஏ.வி டி.பி.ஏ பம்ப். வெளிய உள்ள ரெண்டு ஸ்க்ரூல ஒண்ணு ஐட்லிங், மத்தது மெக்சிமம் ஸ்பீட், அந்த ரெண்டாவதுக்கு கம்பி கட்டி சீல் வச்சிருப்பாங்க. அத திருப்பினா லோட் இல்லாதப்ப எஞ்சின் அதிகமா கத்தும், அவ்வளவு தான், ஏத்தத்துல ஒரு துளி வலு கூடாது. 127 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் உள்ள எஞ்சின் அது, பிஸ்டன் நீளமா ஏறி எறங்குது, அத அளவுக்கு மேல ரேஸ் பண்ணா பிஸ்டன பிடிச்சிருக்கிற கொன்ராட் மேல தான் பாரம் விழும். உண்மையான டீசல் அளவு உள்ள இருக்கு, பக்கத்து மூடிய கழட்டி ஒரு பிளேட்ட திருப்பி தான் மாத்த முடியும், ஒரு மயிரிழை திருப்பினாலே நெறைய மாறும், பம்ப்ப ஓட்டி டீசல் அளக்கிற டெஸ்ட் பென்ச்ல பூட்டி பாக்காம அத தொட்டவங்களுக்கு எவ்வளவு கூடுச்சுன்னும் தெரியாது, பழைய எடத்துக்கு கொண்டு வரவும் தெரியாது.

நான் இத இவ்வளவு அழுத்தி சொல்றதுக்கு காரணம் இருக்கு. தொழில் பழகின காலத்துல தலவாக்கலை பக்கம் ஒரு தோட்டத்துல தேயிலைக் கொழுந்து ஏத்துற டிரெக்டருக்கு நானே இத செஞ்சிருக்கேன். ஏப்ரல் மே வந்தா கொழுந்து கொட்டும்ல, அப்ப ஒரு நடையில கூட ஏத்தணும்னு கேட்டாங்க, நானும் மூடிய கழட்டி கண்ணளவுல திருப்பி விட்டேன். மூணு கெழம எல்லாரும் சந்தோஷம், புகை வந்தாலும் பரவால்ல இழுக்குதுன்னாங்க. நாலாவது கெழம மூணாம் நம்பர் பிஸ்டன் தலை வெடிச்சு நடு ஏத்தத்துல நின்னுடுச்சு. அன்னைக்கு பின்னேரம் தராசுல நிறுத்து வச்ச கொழுந்து பூரா மேட்டுல சாக்குக்குள்ளயே கெடந்து சூடேறி சிவந்து போச்சு, மழையில நின்னு பறிச்ச பொம்பளைங்க அத பாத்துட்டு ஒண்ணும் பேசாம லயத்துக்கு போனது இன்னும் என் கண்ணுல நிக்குது. அதுக்கப்புறம் பென்ச்ல ஏத்தாம ஒரு பம்ப்பையும் நான் தொட்டதில்ல.

நடந்தது என்னன்னா, டீசல் கூடினா எக்ஸ்ஹோஸ்ட் சூடு கூடும், பிஸ்டன் தலையும் ஹெட்டும் அந்த சூட்ட தாங்கணும், ரிங்ஸ் கரி பிடிச்சு இறுகும், எரியாத டீசல் சிலிண்டர் சுவர கழுவிக்கிட்டு கீழ எறங்கி எஞ்சின் ஒயில்ல கலக்கும். ஒயில் லெவல் தானா கூடுதுன்னு சில பேர் சந்தோஷப்படுவாங்க, அது டீசல்.

சரி, அப்ப என்ன தான் வழி? என் கணக்குப்படி உங்களுக்கு கெடைக்க வேண்டிய 37-ல உங்க டிரெக்டர் இப்ப 30 கூட குடுக்காது. அந்த காணாமப்போன குதிரைங்கள தேடி பிடிக்கிறது தான் வேலை, அதுக்கு செலவும் குறைவு.

மொதல்ல எயார் கிளீனர். உங்களோடது ஒயில் பாத் டைப், கீழ கிண்ணம் மாதிரி ஒண்ணு தொங்கும். கிளிப்ப கழட்டி பாருங்க, நான் திறந்து பாக்குறதுல பாதிக்கு மேல கிண்ணத்துக்குள்ள ஒயில் இருக்காது, சேறு தான் இருக்கும். கழுவி புது எஞ்சின் ஒயில் ஊத்துங்க, கோடு போட்ட லெவல் வரைக்கும் மட்டும். கூட ஊத்தினா காத்து போற வழி அடையும், இன்னும் மோசமா போனா எஞ்சின் அந்த ஒயிலயே உறிஞ்சி தானா ரேஸ் ஏறி நிறுத்த முடியாம போயிடும். மேல இருக்கிற கம்பி வலையையும் டீசல்ல ஊற வச்சு கழுவுங்க, அதுல பஞ்சு மாதிரி தூசி அடைஞ்சு கெடக்கும். அங்க இருந்து மெனிபோல்டுக்கு போற ரப்பர் ஹோஸ் வெளிய நல்லா தெரிஞ்சாலும் உள்ளுக்குள்ள பிஞ்சு, எஞ்சின் உறிஞ்சும்போது ஒட்டிக்கும், அத கழட்டி கைய விட்டு பாக்கணும். சைலென்சரும் அப்படி தான், பழசுன்னா உள்ள தகரம் கழண்டு விழுந்து அடைச்சிருக்கும். ஏற்கனவே காத்து குறைஞ்ச ஊர்ல இருக்கிற காத்தையும் நாமளே அடைச்சு வச்சா எப்படி?

இது முடிஞ்சப்புறம் அதே ஏத்தத்துல அதே லோட்டோட போய் புகைய பாருங்க. புகை எல்லாத்தையும் சொல்லிடும். கறுப்பா வந்து இழுக்கலன்னா காத்து பத்தல இல்லன்னா சிலிண்டருக்குள்ள டீசல் தெளிக்கிற இன்ஜெக்டர் ஒழுங்கா தெளிக்கல. புகையே இல்லாம அப்படியே மெல்ல செத்துப் போற மாதிரி எறங்கினா டீசல் பத்தல, ஃபில்டர், லிஃப்ட் பம்ப், டேங்க் மூடியில உள்ள சின்ன ஓட்டை அடைஞ்சிருக்கிறது, இதுல ஒண்ணு. மூடிய லூசாக்கிட்டு ஒருக்கா ஏறி பாத்தாலே மூடியா இல்லையான்னு தெரிஞ்சிடும், அஞ்சு சதம் செலவில்ல. சூடேறினப்புறமும் வெள்ளையா வந்தா டைமிங் (டீசல் தெளிக்கிற நேரம்) இல்லன்னா கம்ப்ரெஷன் (பிஸ்டன் காத்த அமுக்கிற அழுத்தம்) சரியில்ல. நீலம்னா ஒயில் எரியுது, அதுக்கு எஞ்சின் திறக்காம பதில் இல்ல. உங்களுக்கு கறுப்பு, அதனால தான் காத்துல இருந்து தொடங்கச் சொல்றேன்.

இன்னொன்னையும் பாத்துடுங்க, எக்ஸிலேட்டர் லீவர முழுசா இழுத்து விட்டுட்டு பொனட்ட திறந்து பம்ப்புல உள்ள லீவர் அதோட ஸ்டொப்புல போய் முட்டுதான்னு. ரொட் வளைஞ்சோ ஜொயின்ட் தேஞ்சோ பாதியிலயே நிக்கிற டிரெக்டர எத்தனையோ பாத்திருக்கேன், ஆளு எஞ்சின் செய்ய காசு சேத்துட்டு இருப்பார், கோளாறு அந்த ரொட்ல இருக்கும்.

அடுத்தது இன்ஜெக்டர் மூணையும் கழட்டி பம்ப் வேலை செய்ற கராஜ்ல பென்ச்ல பூட்டி பாக்கச் சொல்லுங்க, பக்கத்துல நின்னு பாருங்க, பூ மாதிரி சமமா தெளிக்கணும், நின்னதும் நுனியில சொட்டக் கூடாது. சொட்டினா நொசில் மாத்துங்க. திரும்ப பூட்டும்போது பழைய செப்பு வொஷர போட விடாதீங்க. டெபட் கிளியரன்ஸ், அதாவது வால்வுக்கு மேல விடுற இடைவெளி, எஞ்சின் குளிர்ல இருக்கும்போது 12 தௌ, அதாவது 0.30 மில்லிமீட்டர், அத செட் பண்ண நல்ல பாஸுக்கு ஒரு மணித்தியாலம் போதும், ஆனா யாருக்கும் ஞாபகம் வர்றதில்ல. அப்புறம் பம்ப் டைமிங், ஃப்ளேஞ்சுல கோடு ரெண்டும் நேரா நிக்குதான்னு. முன்ன யாராவது பம்ப்ப கழட்டி பூட்டியிருந்தா இது கட்டாயம்.

பம்ப்ப பத்தி சொல்லும்போது ஒண்ணு கேக்க மறந்துட்டேன், 2022-ல டீசல் இல்லாத காலத்துல இந்த டிரெக்டர் எதுல ஓடுச்சு? கேன்ல மாசக்கணக்குல வச்ச டீசல், மண்ணெண்ணெய் கலந்தது, அப்படி ஏதாவது ஊத்தியிருந்தா மாமா கிட்ட மனசு விட்டு கேளுங்க, தப்பு சொல்றதுக்கு இல்ல, எல்லாரும் கஷ்டப்பட்ட நேரம் அது. டி.பி.ஏ பம்ப்புக்கு தனியா ஒயில் கெடையாது, உள்ள ஓடுற டீசல் தான் அதுக்கு வழுக்கல். மண்ணெண்ணெய்ல அந்த பசை இல்ல, தண்ணி கலந்திருந்தா இன்னும் மோசம், ரோட்டர் கீறல் விழுந்திடும். அந்த வருஷத்துக்கு அப்புறம் என் பென்ச்சுக்கு அப்படி கீறின பம்ப் வரிசையா வந்துச்சு. கீறின பம்ப் காலையில குளிர்ல ஒரு மாதிரி இழுக்கும், சூடேறினதும் ஸ்டார்ட் கூட ஆகாது. உங்களுக்கு அந்த அறிகுறி இருந்தா பம்ப்ப பென்ச்சுல ஏத்தி ஓவர்ஹோல் பண்ணத்தான் வேணும், அப்படி ஏத்தினா அதே நேரம் கந்தப்பளை உயரத்த சொல்லி அதுக்கு ஏத்த மாதிரி டீசல குறைச்சு செட் பண்ணச் சொல்லுங்க. குறைச்சா வலு போயிடுமேன்னு பயப்படாதீங்க, நீங்க குறைக்கிறது புகையா போற டீசல் தான், இழுவை அப்படியே இருக்கும், டீசல் காசு மிஞ்சும், எஞ்சின் சூடு எறங்கும்.

இதெல்லாம் செஞ்சும் இழுக்கலன்னா கம்ப்ரெஷன் பாருங்க. குறைஞ்சிருந்தா ஸ்லீவ் பிஸ்டன் ரிங்ஸ் போட்டு எஞ்சின செய்யணும், அந்த செலவு பெருசு தான், ஆனா டர்போவுக்கு குடுக்கிற காச இதுக்கு குடுங்க.

டர்போவ பத்தி நேர்மையா ஒண்ணு சொல்லணும். மலைநாட்டுக்கு டர்போ நல்லது தான். இங்க 0.8 பார் அழுத்தம், டர்போ ஒரு 0.2 பார் சேத்து குடுத்தா கடல் மட்டத்து காத்து கெடைச்சிடும், டீசல கூட்டாம அந்த அளவோட நிறுத்தினா எஞ்சினுக்கு புதுசா ஒரு பாரமும் இல்ல, வெல்லவாய இழுவை இங்கயே வரும். ஆனா வேன்ல கழட்டின டர்போவ கொண்டு வர்ற ஆளு அப்படி 0.2-ல நிறுத்த மாட்டார். வேன் எஞ்சின் 4,000 ஆர்.பி.எம். கிட்ட ஓடுது, உங்களோடது 2,250, அந்த டர்போ உங்க எஞ்சின்ல ஒழுங்கா சுத்தவே தொடங்காது, இல்லன்னா அளவில்லாம தள்ளும். அதுக்கு ஒயில் லைன் எடுக்கணும், ஒயில் திரும்ப சம்புக்கு எறங்க பெரிய பைப் வேணும், ஒயில் பாத் கிளீனர மாத்தணும், பிஸ்டனுக்கு கீழ இருந்து ஒயில் அடிச்சு குளிராக்கிற ஏற்பாடு உங்க எஞ்சின்ல இல்ல. பேர்கின்ஸே உங்க எஞ்சினோட அதே 3.152 குடும்பத்துல பின்னால டர்போ எஞ்சின் ஒண்ணு செஞ்சாங்க தான், அது டர்போவுக்குன்னே செஞ்ச எஞ்சின், பழசுல பைப் பூட்டினது இல்ல. தேஞ்ச எஞ்சின்ல டர்போ போட்றது வேணவே வேணாம் தம்பி.

இனி எஞ்சின விட்டு வெளிய வாங்க, கணக்கு ஒண்ணு போடுவோம். டிரெக்டரும் பெட்டியும் லோடும் சேந்து 4 டொன், 100 மீட்டர் போனா 10 மீட்டர் ஏர்ற ரோடு, மண் ரோட்டோட இழுவையையும் சேத்தா மணிக்கு 10 கிலோமீட்டர்ல ஏற சக்கரத்துல 18 எச்.பி. போதும். அதே ஏத்தத்த 20 கிலோமீட்டர்ல ஏறணும்னா 36 வேணும். எஞ்சின் 37 குடுத்தாலும் கியர்பொக்ஸ், பின் எக்ஸல் எல்லாம் தின்னது போக சக்கரத்துக்கு 32 வந்தா பெருசு. அப்ப இந்த டிரெக்டரால அந்த ஏத்தத்த வேகமா ஏறவே முடியாது, ஒரு கியர் எறக்கி ஏறினா தாராளமா ஏறும். நீங்க எந்த கியர்ல அந்த ஏத்தத்துக்கு வர்றீங்கன்னு எழுதல. ஏத்தம் தொடங்க முன்னமே கியர எறக்கி எஞ்சின் 1,500-க்கு மேல நிக்கிற மாதிரி ஏறி பாருங்க, எஞ்சின் விழுந்தப்புறம் நடு ஏத்தத்துல லோட்டோட கியர் மாத்தப் போகாதீங்க, பெட்டி பின்னால இழுத்துட்டு போயிடும். பெட்டி சக்கரத்த ஜெக் போட்டு தூக்கி கையால சுத்தியும் பாருங்க, பெயரிங் இறுகியோ டயர்ல காத்து குறைஞ்சோ இருந்தா எஞ்சினோட பாதி கஷ்டம் அங்க தான். கிளச் தேஞ்சிருந்தா ஏத்தத்துல எஞ்சின் சத்தம் கூடும் வேகம் கூடாது, தீஞ்ச வாடை வரும்.

நீங்க ஏர்றத பத்தி தான் கேட்டீங்க, எனக்கு எறங்கிறத பத்தி சொல்லாம இருக்க மனசு வரல. மெஸி 135-க்கு பின் சக்கரம் ரெண்டுல மட்டும் தான் பிரேக், உங்க பெட்டிக்கு பிரேக்கே இருக்காதுன்னு நினைக்கிறேன். கூட இழுக்குதுன்னு கூட ஏத்துவீங்க, அந்த கூட ஏத்தின லோட்ட அதே ரெண்டு பிரேக் தான் பிடிக்கணும், மழையும் பனியும் உள்ள ரோட்ல. ரோட்டுக்கு வர்றப்ப ரெண்டு பிரேக் பெடலையும் சேத்து லொக் போடுங்க, ஒரு பக்கம் மட்டும் மிதிபட்டா டிரெக்டர் சுத்திடும். டீசல் மிஞ்சும்னு எறக்கத்துல நியூட்ரல் போட்றத தயவுசெஞ்சு விடுங்க. உங்களோடது மல்டி பவர் உள்ளதா பாருங்க, கியர் மாத்தாமலே வேகத்த கூட்டி குறைக்கிற சின்ன சுவிட்ச் இருந்தா அது தான். அத லோல வச்சிட்டு எறங்கினா கியர்ல இருந்தாலும் எஞ்சின் பிடிக்காது, சைக்கிள் மாதிரி சும்மா உருண்டு போகும். எறக்கத்துல அத ஹைல வச்சு, மெயின் கியர எறக்கி தான் வரணும். இது தெரியாம பிரேக்க நம்பி எறங்கினவங்கள எனக்கு தெரியும். பெட்டிக்கு பிரேக் பூட்ட முடிஞ்சா டர்போ காசுல மொத செலவு அதுக்கு போகட்டும்.

இந்த ஞாயித்துக்கெழம கிண்ணத்தையும் ஹோஸையும் கழட்டி பாத்துட்டு, அதே ஏத்தத்துல ஒரு கியர் குறைச்சு ஏறிட்டு எழுதுங்க. புகை என்ன நிறம், எந்த கியர்ல ஏறினீங்க, காலையில ஸ்டார்ட் லேசா, சூடுல ஸ்டார்ட் லேசா, இந்த நாலையும் எழுதுங்க, பம்ப்ப கழட்டணுமா வேணாமான்னு அத வச்சு சொல்றேன். அது வரைக்கும் அந்த பம்ப் மூடிய யாரையும் திறக்க விடாதீங்க.